ஒப்புக்குச் சப்பாணி

மூன்றாம் வகுப்பில் என் உள்ளங்கையில் விழுந்த முதல் பிரம்படி ஒரு பாட்டுக்காக. போன பொங்கலுக்கு என் தோளில் விழுந்த பொன்னாடையும் பாட்டுக்காகத்தான். இரண்டும் ஒரே இனத்துப் பாட்டு. நடுவில் 57 வருஷம் ஓடியிருக்கிறது. அடிக்கிற கை போர்த்துகிற கையாக மாற அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

அந்த முதல் பாட்டு எங்கள் கணக்கு வாத்தியாரின் குடையையும் வழுக்கையையும் எதுகையில் முடிச்சுப் போட்டது. நாங்கள் கட்டியதில்லை. எங்களுக்கு முந்தின வகுப்பு விட்டுவிட்டுப் போனது. அவர்களுக்கு அவர்கள் அண்ணன்மார் விட்டுப் போயிருப்பார்கள். வாத்தியார் மாற்றலாகிப் போனால் பழைய பெயரை உருவிவிட்டுப் புதுப்பெயரைச் செருகிக்கொள்வோம், தாளம் இடிக்காது. "யாருலே இதக் கெட்டுனது?" என்று கேட்டு அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பதில் வராததால் கைக்கெட்டிய தூரத்தில் நின்ற எனக்கு விழுந்தது. நாட்டார் பாடலுக்குத் தனி ஆசிரியன் கிடையாது, சமூகமே ஆசிரியன் என்று பிற்பாடு எம்.ஃபில். வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதை அன்றைக்கே அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதவில்லை.

வீட்டில் ஆச்சி, தெருப்பாட்டு படித்தால் நாக்கு அழுகிப்போகும் என்றாள். அதே ஆச்சி புளி குத்தும்போது தன்னையறியாமல் முணுமுணுத்ததும் தெருப்பாட்டுதான் என்று எனக்குப் புரிந்தபோது அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

1984-ல் எனக்கு ஓர் ஆய்வுத் தலைப்பு வேண்டியிருந்தது. நா. வானமாமலை மறைந்து நான்கு வருஷம். அவர் தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலும் அவர் நடத்திய 'ஆராய்ச்சி' இதழும் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு நல்ல காரியத்தைச் செய்து வைத்திருந்தன. களத்துமேட்டில் நின்று கிழவியிடம் பாட்டு கேட்கிறவனைப் பைத்தியம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் எனக்கு முன்னால் போனவர்கள் தாலாட்டை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், ஒப்பாரியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், கட்டபொம்மனையும் முத்துப்பட்டனையும் பங்கு வைத்துக்கொண்டுவிட்டார்கள். பந்தி கலைகிற நேரத்தில் உட்கார்ந்தவன் இலையில் நொறுங்கின அப்பளம் விழுகிற மாதிரி எனக்குப் பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டு விழுந்தது.

வழிகாட்ட இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, நம் விளையாட்டுகளைப் பகலாட்டு, இரவாட்டு என்றெல்லாம் பிரித்து தேவநேயப் பாவாணர் எழுதியது. இன்னொன்று 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. பீட்டர் ஓப்பி, அயோனா ஓப்பி என்ற புருஷன் பெண்டாட்டி செய்தது. இருவரும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சம்பளம் வாங்கியவர்கள் இல்லை. வீட்டில் இருந்துகொண்டே எழுபது பள்ளிக்கூடங்களில் சுமார் 5,000 பிள்ளைகளின் வாயிலிருந்து பெற்றதை வகைபிரித்து வைத்திருந்தார்கள். வயல் ஓரமாக நடந்து போகும்போது விரலில் வந்து உட்கார்ந்த ஒரு பொறிவண்டைப் பார்த்துச் சின்ன வயசுப் பாட்டு ஒன்று தானாக வாயில் வந்ததாம், அங்கேதான் தொடங்கியது. நம் பக்கம் பொறிவண்டைப் பிடித்தால் தீப்பெட்டிக்குள் போட்டு அடைப்போம். ஆய்வு தொடங்காது.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினாலோ செருப்பு வார் அறுந்தாலோ, 'என்னைத் தொடாதே, சற்றுப் பொறு' என்பதற்கு ஒரு சொல் இருக்கும் அல்லவா? அந்தச் சொல் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் வேறாம். எது எந்த வட்டாரத்தில் வழங்குகிறது என்று வரைபடமே போட்டிருந்தார்கள். நானும் ஒரு மாவட்ட வரைபடம் வாங்கினேன். தூத்துக்குடி பிரியாத திருநெல்வேலி மாவட்டம், நல்ல பெரிய படம். ஐந்து வண்ணப் பென்சிலும் வாங்கினேன். சங்கரன்கோவிலில் கேட்டேன், 'டைம்ப்ளீஸ்' என்றார்கள். திருச்செந்தூரில் கேட்டேன், 'டைம்ப்ளீஸ்'. மலையடிவாரத்தில் ஒரு பையன் 'டைம்பீஸ்' என்றான். கடிகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் போலும். மாவட்டம் முழுக்க ஒரே வண்ணம் அடித்து நான்கு பென்சிலை அக்காள் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

மஸ்கட்டிலிருந்து அத்தான் கொண்டுவந்த டேப்பை இரவல் வாங்கிக்கொண்டேன். ஆறு பேட்டரிக் கட்டை போட வேண்டும். 60 நிமிஷக் கேசட், ஒரு பக்கம் அரைமணி. பேச்சில் நேரத்தை வீணாக்காமல் பாட்டு வரும்போது மட்டும் பொத்தானை அமுக்குவது என்று கொள்கை வைத்திருந்தேன். அந்தக் கொள்கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தாமிரவருணி வாய்க்கால் பாய்கிற ஒரு ஊர். பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து உருப்படிகள் புழுதி பறக்க ஆடிக்கொண்டிருந்தன. நான் டேப்பைத் திண்ணையில் வைத்து, "பிள்ளைகளா, நீங்க படிக்கிற பாட்டெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"படிச்சா என்ன தருவீய?"

"தேன்மிட்டாய்."

உடனே வரிசையாக நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். அழ. வள்ளியப்பாவைப் பாடினார்கள். ஒருவன் முடித்ததும் அடுத்தவன் பாரதியாரைப் பாடினான். மூன்றாவது பெண், தேசிய கீதம் போதுமா என்று கேட்டாள். வங்கி வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக அவ்வளவு எழுதிய வள்ளியப்பாமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவரைக் கேட்க நான் ராயவரத்துக்கே போயிருக்கலாம். "இது இல்லம்மா, நீங்க விளையாடுறப்பப் படிப்பீங்களே, அது" என்றேன். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அது பாட்டு இல்ல சார். அது வெளாட்டு."

தொண்ணூறு பக்க ஆய்வேட்டில் நான் சொல்ல முயன்று சொல்லாமல் விட்டதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பொத்தானை அமுக்கியிருக்கவுமில்லை.

அப்புறம் இரண்டு வழிகள் கண்டுபிடித்தேன். ஒன்று, கோயில் மதிலுக்குப் பின்னால் டேப்போடு ஒளிந்து உட்காருவது. இன்னொன்று, நானும் ஆட்டத்தில் சேருவது. பேன்ட் போட்ட, மீசை வைத்த ஆளை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று தகராறு வந்தது. கடைசியில் மூத்தவள் ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள்: "சார் ஒப்புக்குச் சப்பாணி." இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த தம்பி தங்கைகளை அழாமலிருக்கச் சேர்த்துக்கொள்வார்களே, அந்தப் பதவி. தொட்டாலும் அவுட் இல்லை, தொடப்பட்டாலும் அவுட் இல்லை, கணக்கிலேயே இல்லை. பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் என்றால் குழந்தை கைகொட்டி ஆடுவதைப் புலவர் பாடுவார். தெருவில் சப்பாணி என்றால் வாயை மூடிக்கொண்டு கூடவே ஓட வேண்டும். நான்கு மாதம் ஓடினேன்.

கிடைத்தது கொஞ்சமில்லை. பையன்களின் சடுகுடுவில் மட்டும் அந்த ஒரே ஊரில் ஏழு பாட்டு எழுதினேன். கோட்டைத் தாண்டி எதிராளி பக்கம் போகிறவன் ஒரே மூச்சில் படித்துக்கொண்டே போகவேண்டும். தாத்தன் பெருமை பேசுகிற பாட்டு, எதிர்க்கட்சித் தலைவனின் அத்தையை இழுக்கிற பாட்டு, மூச்சு முட்டுகிற நேரத்தில் ஒரு அசையை மட்டும் பிடித்துத் தொங்குகிற பாட்டு. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடியைச் சேர்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் விதிப்புத்தகப்படி ஏறிப் போகிறவன் சொல்லவேண்டிய சொல் ஒன்றே ஒன்று, 'கபடி'. வேறு எதைச் சொன்னாலும் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். 2014-ல் ப்ரோ கபடி வந்து மூச்சுக்குப் பதில் 30 விநாடிக் கடிகாரமும் வைத்தாகிவிட்டது. தமிழ் தலைவாஸ் ஆடும்போது நானும் டிவி முன்னால் உட்கார்ந்து கத்துகிறேன். எதிராளியின் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று காதும் ஒரு பக்கம் காத்திருக்கிறது.

கொக்கு விஷயமும் சொல்லவேண்டும். சாயங்காலம் கொக்குக் கூட்டம் வயலிலிருந்து திரும்பும்போது பிள்ளைகள் பத்து விரல் நகத்தையும் வானத்துக்குக் காட்டிப் பூக் கேட்பார்கள். மறுநாள் நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கொக்கு போட்ட பூ. எந்த விரலில் விழுந்தது என்பதற்குத் தனிப் பலன் உண்டு. இப்போது என் பேத்தியின் கட்டைவிரல் நகத்தில் அப்படி ஒன்று வந்தது. மகள் பதறிப்போய்ச் சத்துக்குறைவு என்று டாக்டரிடம் கூட்டிப்போனாள். நகத்தின் வேரில் எங்கோ லேசாக அடிபட்டிருக்கும், வளர வளரப் போய்விடும் என்று டாக்டர் சிரித்து அனுப்பிவிட்டார். நான் கொக்கைச் சொன்னேன். பேத்தி ஜன்னல் வழியே பழைய மகாபலிபுரம் சாலையைப் பார்த்தாள். கொக்கு வரவில்லை. வந்தாலும் பதினோராவது மாடிக்குக் கீழேதான் பறந்திருக்கும்.

கழுதைக் கதை என் ஆய்வின் மானத்தை வாங்கியது. யார் முதலில் பிடிப்பது என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிற ஒரு பாட்டு எல்லா ஊரிலும் கிடைத்தது. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் இல்லை. ஓர் ஆச்சி அது மாடன் கோயில் மந்திரம் என்றாள். நான் வடமொழி அகராதி பார்த்தேன், தெலுங்கு பார்த்தேன், மூன்று பக்கம் அடிக்குறிப்பு எழுதினேன். கான்வென்டில் படித்த அக்காள் மகள், அதே நான்கு வண்ணப் பென்சில்காரி, ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அதன் மூலத்தைச் சுத்தமான இங்கிலீஷில் படித்தாள். யாரோ ஒரு அப்பாவிடம் இருந்த கழுதை செத்துப்போய் அவர் அழுத கதை. பாளையங்கோட்டை கான்வென்டிலிருந்து புறப்பட்ட கழுதை, முண்டந்துறை போய்ச் சேருவதற்குள் மாடன் மந்திரமாகியிருக்கிறது. அடிக்குறிப்பைக் கிழித்துப் போட்டேன். கிழித்திருக்கக் கூடாது. அந்தப் பயணம்தான் ஆய்வு.

இப்போது அந்தக் கொள்கைக்கு வருகிறேன். 1984 டிசம்பரில் தேர்தல். ஜீப்புகள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தன. முதலமைச்சர் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜீப் போன புழுதி அடங்குமுன் பிள்ளைகள் அந்தக் கோஷங்களைப் பிய்த்து, இரண்டு கட்சிச் சின்னத்தையும் ஒன்றோடொன்று கோத்து, அதில் மளிகைக்கடை அண்ணாச்சியின் தராசையும் சேர்த்து, சினிமா மெட்டில் ஏற்றிப் பாடினார்கள். ஒரு வாரத்தில் மூன்று வேறு வடிவங்கள் வந்தன. ஒரு நாட்டார் பாடல் பிறப்பதைக் கண்ணால் பார்க்கும் யோகம் எத்தனை ஆய்வாளனுக்கு வாய்க்கும்? நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேட்டரிக் கட்டை தீர்ந்துவிடக் கூடாதே என்று டேப்பை அணைத்து வைத்திருந்தேன். சினிமா மெட்டு, அரசியல், இதெல்லாம் மரபு இல்லை என்பது என் கட்சி.

அணைத்தது அது ஒன்றுதான் என்றில்லை. எடுத்ததிலும் அழித்தேன். அந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் பெரியவர்கள் காதில் விழக்கூடாதவை. குசு இல்லாமல் இரண்டாம் அடி வராது. புதுமாப்பிள்ளை, பூசாரி, போலீஸ் யாரும் மானத்தோடு வீடு திரும்பமாட்டார்கள். "சுத்தம் பண்ணிக் கொண்டுவாரும்" என்றார் என் நெறியாளர். நான் புள்ளி வைத்தேன். சில பாட்டுகளில் சொல்லைவிடப் புள்ளி அதிகம். அப்போது எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மாணிக்கவாசகர் என்ன செய்தார்? அம்மானை, பூவல்லி, சாழல், உந்தியார், பொன்னூசல் என்று திருவாசகத்தில் வரிசையாக வருவதெல்லாம் பெண்பிள்ளைகளின் ஆட்டங்கள். ஆட்டத்தின் தாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததை அகற்றிச் சிவனை வைத்தார். அவருக்கு முன்னால் இளங்கோவும் வஞ்சி மகளிர் வாயில் மூவேந்தரை வைத்து அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி பாட விட்டார். அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்னால் பந்தடித்துக்கொண்டே யாரைக் கேலி பேசினார்கள் என்பது போயே போய்விட்டது. அந்த வரிசையில் நானும் ஒருவன் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் எடுத்த இடத்தில் கடவுளையும் ராசாவையும் வைத்தார்கள். நான் வைத்தது புள்ளி.

எல்லாப் புள்ளிக்கும் நான் வருத்தப்படவில்லை. சிலவற்றில் சாதிப் பெயர் இருந்தது. காலூனமான ஒரு பையன் தெருவில் வந்தாலே படிப்பதற்கென்று ஒன்று இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். வாய்க்காலுக்கு மேற்கே இருந்த பிள்ளைகளைப் பிள்ளையார் கோயில் தெருவில் ஆடச் சேர்ப்பதில்லை. ஆனால் அங்கே போய்க் கேட்டால் அதே தட்டாங்கல் பாட்டு, அதே எண்ணிக்கை. திட்டப்படும் ஆள் மட்டும் இந்தத் தெருக்காரனாக மாறியிருப்பான். எப்படிப் போயிற்று என்று கேட்டதற்கு, வயலில் நாற்று நடும்போது அம்மைமார் கூடப் போன பிள்ளைகள் வரப்பில் கல்லாடினார்கள் என்று சொன்னார்கள். அதை எழுதியிருந்தால் ஆய்வேடு வேறு மாதிரி ஆகியிருக்கும். சர்ச்சை வேண்டாம் என்று நெறியாளர் சொன்னார். நானும் சரி என்றேன். முழுப்பழியையும் அவர்மேல் போட மனசு வரவில்லை.

தட்டாங்கல் என்றதும் அந்தத் தீர்ப்புச் சொன்ன மூத்தவளைப் பற்றிச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வயசு. ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை வாரிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒரு அடி, இரண்டுக்கு ஒரு அடி என்று பத்து வரைக்கும் பாட்டு. கல் விழுந்துவிட்டால் முதலிலிருந்து. அவள் கை வேகத்தில் கல் தெரியாது, நிழல்தான் தெரியும். ஏழாவது அடி முடிந்தபோது கேசட் பக்கம் முடிந்து 'டக்' என்றது. திருப்பிப் போடுவதற்குள் அவள் அம்மை கூப்பிட்டுவிட்டாள். "மிச்சத்த நாளைக்குப் படிக்கேன் சார். ஆனா யாருட்டயும் சொல்லப்பிடாது, என்னா?" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் போனபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பிள்ளை சடங்காகிவிட்டாளாம். திண்ணையில் கல்லாட இனி வரமாட்டாள். அவள் அம்மை எனக்கு உளுந்தங்களி கொடுத்தாள். என் ஆய்வேட்டில் அந்தப் பாட்டு ஏழு அடியோடு நிற்கிறது. அடியில் 'முற்றுப்பெறவில்லை' என்று எழுதினேன். சத்தியத்தை மீறியதுதான் மிச்சம்.

ஆய்வேட்டைச் சுருக்கி 1987-ல் கைக்காசு போட்டு 500 பிரதி அச்சடித்தேன். எழுத்துக் கோத்து அடிக்கிற அச்சகம். பிழைதிருத்தும் நாளில் எனக்கு மஞ்சள்காமாலை. ஒரு பாட்டில் 'கருப்பட்டி' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துணைக்கால் தவறிப்போய் உட்கார்ந்துகொண்டது. 'கருப்பாட்டி' ஆகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாரும் வாங்கவில்லை. 300 பிரதியைக் கட்டிலுக்கு அடியில் கறையான் தின்றது. கேசட்டுகளைக் கறையான் தின்னாது என்று நம்பி இரும்புப்பெட்டியில் வைத்தேன். அவற்றைப் பூஞ்சை தின்றது.

பணி ஓய்வுக்குப் பிறகு மகளோடு சென்னையில் இருக்கிறேன். குடியிருப்பில் நானூறு வீடு. பிள்ளைகள் விளையாட நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை அனுமதி. பந்து கூடாது, நடைபாதையில் ஓடக் கூடாது, கத்தக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். கத்தாமல் ஆட எனக்குத் தெரிந்து பல்லாங்குழிதான் இருக்கிறது. அதிலும் தோற்றவள் கத்துவாள்.

போன பொங்கலுக்குச் சங்கத்தில் பாரம்பரிய விளையாட்டு விழா என்று அறிவித்தார்கள். ஒரு பிள்ளைக்கு 350 ரூபாய், டீ ஷர்ட்டும் கூழும் சேர்த்து. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நொண்டி ஆடினால் கீழே விழ வாய்ப்புண்டு என்று அதில் மூன்றாவது ஷரத்து. சிறப்பு விருந்தினர் நான். என் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து போட்டு, அது நானறியாமல் நாடு சுற்றி வந்திருக்கிறது. பொன்னாடை போர்த்தினார்கள். அட்டையில் எழுதிய பதவி 'மரபு மீட்பர்'. மேடைக்குக் கீழே பிள்ளைகள் வரிசையாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு பாடினார்கள். வேப்பமரத்தடியில் அன்றைக்கு நின்ற அதே வரிசை, அதே கைக்கட்டு. பள்ளிப்பாட்டு போலவே ஒப்பித்தார்கள். புள்ளி வைத்த இடங்களில் பயிற்சியாளர் 'லா லா' போட்டு நிரப்பியிருந்தார். அவருக்கு நல்ல குரல்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. பயிற்சியாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "குட்டீஸ், கருப்பாட்டி யாருன்னு தெரியுமா? நம்ம முன்னோர் கும்பிட்ட காவல் தெய்வம். ராத்திரி ஊரைச் சுத்தி வந்து குழந்தைகளைப் பாத்துக்குவாங்க. எல்லாரும் ஒரு வணக்கம் சொல்லுங்க பார்க்கலாம்!" நாற்பது பிள்ளைகள் கைகூப்பினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாவும் கைகூப்பினார்.

எழுந்து, 'அது கருப்பட்டி, காபிக்குப் போடுவது' என்று சொல்லியிருக்கலாம். பொன்னாடை போர்த்திய தோளோடு எழுந்திருப்பது சிரமம். மேலும், கழுதை மந்திரமானபோது நான் கிழித்துப் போட்ட மூன்று பக்கம் ஞாபகம் வந்தது. பேசாமல் கூழைக் குடித்தேன். மறுநாள் திங்கட்கிழமை சங்கத்தின் வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை வந்தது: குழந்தைகள் லிஃப்ட் அருகே கூச்சலிடுவதாகப் புகார்கள் வருகின்றன, பெற்றோர் கண்டிக்கவும்.

சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக ஊர்ப்பக்கம் போயிருந்தேன். மண்டப வாசலில் ஓர் அம்மாள், ஐம்பது வயசுக்கு மேலே, பட்டுச்சேலை, கையில் இரண்டு செல்போன். "சார்வாள், என்னத் தெரியுதா?" என்றார். தெரியவில்லை. "ஒப்புக்குச் சப்பாணி" என்றார். தெரிந்துவிட்டது.

மகளிர் குழு நடத்துகிறாராம், இரண்டு பேரன்மாராம். நான் நலம் விசாரித்து முடிப்பதற்குள்ளாகவே கேட்டுவிட்டேன், அந்த எட்டாவது அடி என்ன என்று. "அதெல்லாம் மறந்துட்டு சார்வாள்." கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமே என்றேன். யோசித்தார், வரவில்லை. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். மண்டப வாசலில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. ஐந்தைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். படியில் உட்கார்ந்து எறிந்தார்.

கை முதலில் கொஞ்சம் தடுமாறியது, இரண்டாவது எறிக்குச் சரியாகிவிட்டது. மூன்றாவதில் உதடு அசைந்தது. ஐந்தில் குரல் வந்தது. சொல் எதுவும் தலையில் இருந்து வரவில்லை, கல்லை எடுக்கிற விரலிலிருந்து வந்தது. நான் 1987-ல் புள்ளி வைத்த இடங்களைப் புள்ளியில்லாமல், கூச்சமில்லாமல், வேகமாகத் தாண்டினார். ஏழு முடிந்தது. எட்டின் முதல் சொல்லுக்கு வாய் திறந்தார். கல் விரலில் பட்டுத் தெறித்துப் படியில் உருண்டது.

"விழுந்துட்டு" என்றார்.

"பரவாயில்ல, அதிலிருந்தே படிங்க."

"அது எப்படி சார்வாள்? விழுந்தா மொதல்லருந்துல்லா?"

மறுபடி கல்லைப் பொறுக்கும்போது உள்ளேயிருந்து யாரோ, "பெரியம்மை, பந்தி போட்டாச்சு, வாங்க" என்று கூப்பிட்டார்கள். கல்லை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். ஐந்தும் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன.

போன மாதம் ஒரு சாயங்காலம் நடக்கப் போய்விட்டு, ஆறரை மணிக்குப் பம்ப் ரூம் பக்கமாகத் திரும்பி வந்தேன். அனுமதி நேரம் முடிந்திருந்தது. சுவருக்குப் பின்னால் பிள்ளைகள் சத்தம், அடக்கி வைத்த சத்தம். யாரோ ஒருத்தி கருப்பாட்டி. கருப்பாட்டி தொட்டால் கல்லாகிவிட வேண்டும் போலிருக்கிறது. பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மெட்டு, டிவியில் வரும் ஏதோ சோப்பு விளம்பரத்தினுடையது. உள்ளே சங்கச் செயலாளர் இருந்தார், அவர் நாய் இருந்தது, அந்த நாய் லிஃப்டில் செய்த காரியம் இருந்தது. எதுகை கச்சிதமாக விழுந்தது. என் பேத்தி குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

சட்டைப்பையில் போன் இருக்கிறது. கட்டை போட வேண்டாம், கேசட் திருப்ப வேண்டாம், எட்டு மணிநேரம் தொடர்ந்து எடுக்கலாம். கை பைக்குப் போகவும் செய்தது. நான் நின்ற சுவர்கூட அந்தக் கோயில் மதில் உயரம்தான்.

செருப்பைத் தரையில் தேய்த்து, தொண்டையை ஒருமுறைக்கு இருமுறை கனைத்துக்கொண்டு திரும்பினேன். ஆறு பேர் ஆறு திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னம்மா விளையாட்டு?"

"சும்மா, தாத்தா."

சரி என்று நடந்தேன். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் பின்னால் மறுபடி கேட்டது, முதலிலிருந்து.